வண்டி வயசக் கேக்காதீங்க, வருஷத்துக்கு எம்புட்டு ஓடுதுன்னு கேளுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில கொஞ்ச நாளா பழைய கார், புது கார் சண்டை ஓடிக்கிட்டு இருக்கு, நானும் காலையில டீயோட அதத்தான் மொதல்ல படிக்கிறேன். ஒருத்தர் எழுதுறாரு, இருவது வருஷம் தாண்டுன வண்டிய எல்லாம் காயலாங்கடைக்கு அனுப்புங்க, புகையும் குறையும் பெட்ரோலும் மிஞ்சும்னு. அதுக்கு இன்னொருத்தர், அந்தக் காலத்து வண்டி இரும்பு, இப்ப வர்றது எல்லாம் தகரம், மைலேஜுக்காக உயிரையே பணயம் வைக்கிறாய்ங்கன்னு பதில் எழுதுறாரு. ரெண்டு பேரும் வண்டியோட வயசப் பத்தியே பேசுறாங்களே ஒழிய, அது வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுதுன்னு ஒருத்தரும் கேக்கல. அதக் கேக்காம இந்த சண்டைக்கு ஒரு முடிவும் வராது, அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் மதுரை திருநகர்ல இருக்கேன், சின்னதா ஒரு டிராவல்ஸ் வச்சுப் பொழப்பு ஓடுது. தொழிலுக்கு ஓடுறது எல்லாம் புது மாடல் மைலேஜ் வண்டிக. வீட்டு போர்டிகோவுல அப்பா வாங்குன 1983 மாடல் அம்பாசிடர் மார்க் 4 நிக்கிது, பெட்ரோல் வண்டி, ஒரிஜினல் இன்ஜின். அதனால ரெண்டு பக்கத்து செலவு நோட்டும் என் கையில இருக்கு.

மொதல்ல மைலேஜ். அம்பாசிடர் பெட்ரோல் வண்டி டவுனுக்குள்ள லிட்டருக்கு ஒம்போது, ரோட்டுல விட்டா பத்து பதினொண்ணு, அதுக்கு மேல குடுக்குதுன்னு யாராச்சும் சொன்னா ஒண்ணு மீட்டர் கேபிள் கோளாறு, இல்லாட்டி ஆளு கோளாறு. இன்னைக்கு ஸ்விஃப்ட் மேனுவல் வண்டிக்கு கம்பெனி சொல்ற கணக்கு 24.8. கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டுக்கு 27.97ங்கிறாங்க. வேகன்ஆர் சிஎன்ஜி ஒரு கிலோவுக்கு 34ங்கிறாங்க. இதெல்லாம் உருளை மேல வண்டிய ஏத்தி, ஏசி ஆஃப் பண்ணி, லேப்ல ஓட்டிப் பாத்த கணக்கு, சிம்மக்கல்லயும் கோரிப்பாளையத்துலயும் சித்திர மாச வெயில்ல ஏசிய முழுசா வச்சுக்கிட்டு நின்னு நின்னு போனா ஸ்விஃப்ட் பதினேழு பதினெட்டுதான் குடுக்கும். இருந்தாலும் அது அம்பாசிடருக்கு ரெண்டு மடங்கு, இதுல வாக்குவாதத்துக்கு எடமே இல்ல.

ஏன் ரெண்டு மடங்குங்கிறது பழைய வண்டி பக்தர்கள் பல பேருக்கு தெரியாது, டெக்னிக்கலா கேட்டா "அப்ப பெட்ரோல் சீப்புப்பா"ன்னு பேச்ச முடிச்சிருவாங்க. அம்பாசிடர் இன்ஜின் 1489 சிசி, மூலம் பாத்தா இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3, அதாவது 1950கள் காலத்து சரக்கு. அன்னைக்குக் கெடச்ச பெட்ரோல்ல ஆக்டேன், அதாவது அமுக்கினா தானா வெடிக்காம தாங்குற தன்மை, கம்மி, அதனால சிலிண்டருக்குள்ள காத்த ஏழு எட்டு மடங்குக்கு மேல அமுக்க முடியாது, அமுக்கினா டக்கு டக்குன்னு நாக்கிங் அடிக்கும். இப்ப வர்ற இன்ஜின்ல பன்னெண்டு மடங்குக்கு மேல அமுக்குறாங்க. எம்புட்டு அமுக்குறோமோ அம்புட்டு வேலைய அதே சொட்டு பெட்ரோல்ல இருந்து கறக்கலாம், அடிப்படை விஷயமே இதுதான்.

அடுத்தது கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற சாமான். அது ஒரு நல்ல மெக்கானிக் கையில டியூன் ஆன அன்னைக்கு சரியா இருக்கும், மறுநாள் வெயில் ஏறினா, தூசி அடச்சா, பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை, அதான் ஜெட், தேஞ்சா கணக்கு மாறிரும், அது யாருகிட்டயும் சொல்லிக்காம பெட்ரோல கூட்டி ஊத்திக்கிட்டே இருக்கும். புது வண்டியில கார்புரேட்டருக்குப் பதிலா பெட்ரோல அளந்து பீச்சுற இன்ஜெக்ஷன், சைலன்சர் பக்கம் ஒரு ஆக்சிஜன் சென்சார் உக்காந்துக்கிட்டு, எரிஞ்சு வர்ற புகைய மோந்து பாத்து, செகண்டுக்குப் பல தடவ அளவ சரி பண்ணுது. இது எங்க நல்லா புரியும்னா கொடைக்கானல் ரோட்டுல. வத்தலக்குண்டு தாண்டி ஏறஏற காத்து லேசாகும், கார்புரேட்டர் வண்டி அது தெரியாம கீழ ஊத்துன அதே அளவ மேலயும் ஊத்தும், பெருமாள்மலை வர்றதுக்குள்ள பின்னாடி கருப்பா புகை, முன்னாடி ரேடியேட்டர் கொதி. பெட்ரோல் லைனுக்குள்ள சூட்டுல ஆவி கட்டிக்கிட்டு வண்டி நின்னா பம்ப் மேல ஈரத்துணி சுத்தி, ஒரு பீடி குடிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருந்துதான் மறுபடி செல்ஃப் அடிப்பாங்க பழைய டிரைவருங்க. இன்ஜெக்ஷன் வண்டிக்கு இந்த சோலியே கெடையாது.

எறங்கும்போது இன்னும் வேடிக்க. பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு மலை இறக்கத்துல நியூட்ரல் போடுற பழக்கம் இன்னமும் நம்ம பயலுகளுக்கு இருக்கு. புது வண்டியில கியர்ல வச்சு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா இன்ஜெக்டர் பெட்ரோல சுத்தமா நிப்பாட்டிரும், வண்டி எறங்குற வேகத்துலயே இன்ஜின் சுத்தும், செலவு பூஜ்யம். நியூட்ரல் போட்டாத்தான் இன்ஜின் அணையாம இருக்க பெட்ரோல் குடிக்கும், பிரேக்கும் சூடாகித் தொலையும். என் டிரைவருங்ககிட்ட இத சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம், "அண்ணே, எங்க குருநாதர் அப்பிடித்தாண்ணே சொல்லிக் குடுத்தாரு"ங்கிறாய்ங்க. அவரு சொல்லிக் குடுத்தது அம்பாசிடருக்குப்பா!

இந்த மைலேஜ் கவல நம்ம ஊருக்கு புதுசும் கெடையாது. டிவிஎஸ் 1912ல மதுரையில பஸ் விட்ட கம்பெனி, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல பெட்ரோல் கெடைக்காம வண்டிகெல்லாம் முடங்கினப்ப, கரியப் புகையவிட்டு வர்ற காஸ்ல ஓடுற மாதிரி டிவிஎஸ் காஸ் பிளான்ட்னு ஒண்ண செஞ்சு வண்டிகள்ல மாட்டுனாங்க. பஸ்ஸு பின்னாடி பீப்பா மாதிரி ஒண்ணு தொங்குன கதைய பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். 1980 வாக்குல அம்பாசிடருக்கு டீசல் இன்ஜின் வந்ததும் இதே கணக்குக்குத்தான், இந்தியாவுல டீசல்ல வந்த மொத கார் அது, தெம்பு 40 குதிரை கூட கெடையாது, மேட்டுல ஏறும்போது எறங்கித் தள்ளலாமான்னு தோணும். ஆனாலும் டாக்ஸி ஸ்டாண்டுல எல்லாரும் அதத்தான் தேடுனாங்க, பல பெட்ரோல் வண்டிகளுக்கு இன்ஜினையே கழட்டி டீசல் மாட்டினாங்க. அந்தக் காலத்து ஆளுக மைலேஜப் பத்தி கவலப்படலன்னு சொல்றது சுத்தப் பொய்.

இப்ப "இரும்பு வண்டி" பார்ட்டிக்கு வர்றேன். மோதினா பழைய வண்டிக்கு ஒண்ணும் ஆகாது, புதுசு அப்பளமா நொறுங்குதுன்னு எழுதியிருந்தாரு. நொறுங்கணும்யா, அதுக்குத்தான் அப்பிடி செய்றாங்க. முன்பக்கம் மடங்கி அடியோட வேகத்தத் தின்னுக்கிரும், ஆளு உக்கார்ற கூண்டு மட்டும் கெட்டியா நிக்கும். பழைய வண்டியில பம்பர் வளையாது சரி, அந்த அடி நேரா ஸ்டியரிங் ராடு வழியா டிரைவர் நெஞ்சுக்கு வரும். ஏர்பேக் கெடையாது, ஏபிஎஸ் கெடையாது, மார்க் 4ல நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், மழையில நனஞ்சா சாமிய கும்பிட்டுத்தான் அமுக்கணும். 2024ல புது டிசையர் குளோபல் என்கேப் மோதல் டெஸ்ட்ல 5 ஸ்டார் வாங்குச்சு, லிட்டருக்கு 24க்கு மேல சொல்ற வண்டிதான் அதுவும். மைலேஜ் வண்டின்னா பாதுகாப்பு இருக்காதுங்கிறது எல்லா வண்டிக்கும் பொருந்தாது, வாங்குறதுக்கு முன்னாடி ஸ்டார் பாத்து வாங்குங்க. என் பொண்டாட்டி புள்ளைகள ராத்திரி நாலு வழிச்சாலையில அம்பாசிடர்ல கூட்டிட்டுப் போகமாட்டேன், அப்பா வண்டிங்கிற பாசம் வேற, லாரி லைட்டு வேற.

அதுக்காக புதுசு எல்லாம் சிக்கனம்னும் எழுதாதீங்க மொத வாசகரே. 1983 டிசம்பர்ல வந்த மாருதி 800 இருக்கே, 796 சிசி, மூணு சிலிண்டர், எடை சுமாரா 650 கிலோ, கார்புரேட்டர் வண்டிதான், ஆனா டவுனுக்குள்ளயே பதினாறு பதினேழு குடுக்கும். இன்னைக்கு மேலமாசி வீதியில ரெண்டு பக்கமும் உரசுற மாதிரி வந்து நிக்கிதே ஆயிரத்து எரநூறு கிலோ எடையில உசரமான டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வண்டிக, அதுல டவுனுக்குள்ள பத்து பதினொண்ணு வந்தா பெரிய விஷயம். உள்ள ஒரே ஒரு ஆளு உக்காந்து ஜவுளிக்கடைக்குப் போறாரு. நாப்பது வருஷத்துல இன்ஜின் காரங்க மண்டைய ஒடச்சு மிச்சம் பண்ணுன பெட்ரோல வண்டி எடையிலயும் உசரத்துலயும் திருப்பிக் குடுத்துட்டோம். புகையில பாத்தா அது சுத்தமான வண்டிதான், மறுக்கல, பெட்ரோல் செலவுல பாத்தா அம்பாசிடருக்குப் பங்காளி.

சரி, கிலோமீட்டர் கணக்குக்கு வருவோம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபான்னே வச்சுக்கங்க. டிராவல்ஸ் வண்டி வருஷத்துக்கு 30,000 கிலோமீட்டர் ஓடுதுன்னா, ஒம்போது குடுக்குற வண்டிக்கு 3,333 லிட்டர், பதினெட்டு குடுக்குற வண்டிக்கு 1,667 லிட்டர். வித்தியாசம் மட்டும் ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம் ரூபா சொச்சம், அதுல வண்டிக்கு மாசத் தவணையில பாதிக்கு மேல கட்டிரலாம். தொழிலுக்கு அம்பாசிடர் ஓட்டுறவன் ஒண்ணு பைத்தியம், இல்ல பணக்காரன். ஆனா வீட்டுல நிக்கிற என் வண்டி மாதிரி வருஷத்துக்கு 500 கிலோமீட்டர்தான் ஓடுதுன்னா? அழகர்கோயில் ஒருக்கா, கொலசாமி கோயில் ஒருக்கா, சொந்தக்காரங்க வீட்டு கல்யாணத்துக்கு மாப்பிள்ள ஏற, அப்புறம் வாரம் ஒருக்கா தெருவச் சுத்தி ஒரு ரவுண்டு, அம்புட்டுத்தான். இதுக்கு 56 லிட்டர் ஆகும், புது வண்டியா இருந்தா 28. மிச்சம் 2,800 ரூபா. இந்த 2,800க்காக எட்டு லட்சத்துக்கு புது வண்டி வாங்கி பழச ஒடைக்கணுமா?

புகைக் கணக்கும் போடுங்க. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மேல சொன்ன 28 லிட்டர் மிச்சத்துக்கு வருஷம் 64 கிலோ கொறையும். ஒரு புது கார செய்யவே, இரும்பு உருக்குறதுல இருந்து பெயிண்ட் வரைக்கும், டன் கணக்குல கார்பன் போகுது. வருஷம் அறுபத்து சொச்சம் கிலோவா அத கழிச்சு முடிக்கிறதுக்குள்ள என் பேரன் ரிட்டயர் ஆயிருவான். இதுலயும் ஒண்ணு சொல்லிர்றேன், கார்பன் டை ஆக்சைடு மட்டும் புகை இல்ல. பழைய வண்டியில புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடையாது, எரியாத பெட்ரோல் நாத்தமும் கார்பன் மோனாக்சைடும் இப்ப உள்ள பிஎஸ் 6 புகை விதிப்படி வர்ற வண்டிய விட பல மடங்கு வரும். தெனமும் பழங்காநத்தம் சிக்னல்ல பழைய வண்டி ஒண்ணு பின்னாடி பைக்குல நிக்கிறவருக்கு என் கார்பன் கணக்கால ஒரு பிரயோஜனமும் இல்ல. தெனமும் ஓடுற பழைய வண்டிய எடுத்துறணும்னு மொத வாசகர் சொல்றது எனக்கும் சம்மதம், நான் சொல்றது ஓடாத வண்டிய.

இந்த ஓடாத வண்டிக்குத்தான் இப்ப ரெண்டு பக்கமும் இடி.

ஒண்ணு எத்தனால், அதாவது கரும்பு மாதிரி பயிர்ல இருந்து எடுக்குற சாராயச் சரக்கு. இப்ப பங்க்ல ஊத்துறது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டியில ஹோஸ், வாஷர் எல்லாம் அதுக்கு ஏத்தபடி செஞ்சிருக்காங்க. எத்தனாலே இல்லாத காலத்து பெட்ரோலுக்குன்னு செஞ்ச கார்ல மைலேஜ் 6, 7 சதவீதம் கொறையும்னு நிதி ஆயோக் 2021ல போட்ட அறிக்கையிலயே இருக்கு. மைலேஜ் போனாப் போகுது, அத விடுங்க. எத்தனால் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், வண்டி நிக்க நிக்க தண்ணி சேந்து டேங்க் அடியில போய் தங்கும், தகர டேங்க் துருப்பிடிக்கும், பழைய ரப்பர் ஹோஸ் ஊறி வெடிக்கும், கார்புரேட்டருக்குள்ள வெள்ளையா மாவு பூத்து ஜெட் அடச்சுக்கும். தெனமும் ஓடுற வண்டியில ஊத்துன பெட்ரோல் ரெண்டு மூணு நாள்ல தீந்துரும், அதனால இந்த வம்பு கம்மி. மாசக் கணக்குல நிக்கிற வண்டிதான் மாட்டிக்கிது. கரும்பு விவசாயிக்கு காசு வருது, வெளிநாட்டு எண்ணெய் செலவு கொறையுது, நல்லதுதான், நான் எதுத்து எழுதல, பழைய வண்டி வச்சிருக்கவங்க எத்தனாலுக்குத் தாங்குற ஹோஸா பாத்து மாத்திக்கங்க, ஹோஸ் வெடிச்சு சூடான இன்ஜின் மேல பெட்ரோல் ஒழுகினா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவயில்ல. ரொம்ப நாள் நிறுத்துறதா இருந்தா கார்புரேட்டர்ல இருக்குறத வடிச்சுட்டு நிறுத்துங்க.

ரெண்டாவது இடி ஆர்டிஓ ஆபீஸ்ல. இருவது வருஷம் தாண்டுன காருக்கு ஆர்சி, அதான் பதிவுச் சான்று, புதுப்பிக்கிற கட்டணத்த 2025 ஆகஸ்ட்ல பத்தாயிரம் ரூபா ஆக்கிட்டாங்க. 2022க்கு முன்னாடி இது வெறும் அறுநூறு, அப்புறம் அஞ்சாயிரம், இப்ப பத்து. அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கான்னு பாத்தா வருஷத்துக்கு ரெண்டாயிரம்தான், கட்டிரலாம், நான் காசுக்கு அழுகல. என் கேள்வி, எதுக்கு இந்தக் கட்டணம்? பழைய வண்டி புகை விடுது, அதனால ஆளுக அத வச்சுக்கக் கூடாதுன்னு தானே? அப்ப தெனமும் அறுபது கிலோமீட்டர் புகை விட்டுக்கிட்டு ஓடுற வண்டிக்கும், வாரம் ஒருக்கா கவர எடுத்து ஸ்டார்ட் பண்ணி அணைக்கிற வண்டிக்கும் ஒரே பத்தாயிரமா? அதிகமா ஓடுறவனுக்கு அது ஒரு மாசத்து பெட்ரோல் காசு, அவன் கட்டிட்டு ஓட்டிக்கிட்டே இருப்பான். எவன் கம்மியா ஓட்டுறானோ அவனுக்குத்தான் இது சுமை.

அதுக்குத்தான் வின்டேஜ் வண்டின்னு தனியா 2021ல விதி கொண்டாந்தாச்சேன்னு கேப்பீங்க. ஆமா, நல்ல விதிதான். அம்பது வருஷத்துக்கு மேல ஆகியிருக்கணும், ஒரிஜினலா இருக்கணும், விஏ எழுத்து போட்ட தனி நம்பர், சாதாரண போக்குவரத்துக்கும் தொழிலுக்கும் ஓட்டக்கூடாது. ஆனா அம்பது வருஷம்! என் 1983 வண்டி 2033ல தான் அந்த வரிசைக்குள்ள நுழையும். அதுவரைக்கும் அது பழைய குப்ப, அதுக்கு அப்புறம் பாரம்பரியச் சின்னம். நடுவுல சிக்கிக்கிட்டது என் வண்டி மட்டும் இல்ல. 1970களுக்கு அப்புறம் வந்த பிரீமியர் பத்மினி பூராவும், கான்டெஸா பூராவும், மொத வரிசை மாருதி 800 எல்லாமே இந்த இருவதுக்கும் அம்பதுக்கும் நடுவுல நிக்கிது. நம்ம சென்னையில செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி வண்டிக மட்டும் வயச தாண்டி தப்பிச்சிருச்சு, அதுலயும் எத்தன மிஞ்சியிருக்குன்னு பாத்தா, ஒரு கதவு ஹேண்டிலுக்கு சென்னை புதுப்பேட்டை வரைக்கும் அலையிற ஆளுகளத்தான் கேக்கணும். அம்பாசிடர் செய்றது மேற்கு வங்கம் உத்தரபாரா பேக்டரியில 2014லயே நின்னு போச்சு, கம்பெனி பார்ட்ஸ் கெடையாது, ஒருத்தர் வண்டி ஒடஞ்சாத்தான் இன்னொருத்தர் வண்டிக்கு சாமான். அம்பது வருஷம் ஆகட்டும்னு காத்திருந்தா அங்க போய்ச் சேர வண்டி இருக்காது.

பட்டறைக்காரங்க விஷயமும் இதுலயே இருக்கு. பாயிண்ட் கேப் வைக்க, காதால கேட்டே டைமிங் திருப்ப, கிங்பின் புஷ் அடிக்கத் தெரிஞ்ச ஆளுக எங்க ஏரியாவுல ரெண்டு மூணு பேருக்கு மேல இல்ல, எல்லாருக்கும் அறுபது தாண்டிருச்சு. அவங்க பயலுக ஸ்கேனர் மாட்டி எந்த சென்சார் கோளாறுன்னு படிக்கிறாய்ங்க, அதுவும் கெட்டிக்கார வேலதான், குறை சொல்லல. செக் இன்ஜின் லைட் எரிஞ்சா டீலர்கிட்ட போய் "முழு அசெம்பிளியும் மாத்தணும் சார்"னு பில்லு வாங்குறது மட்டும்தான் எனக்கு வயிறு எரியும், நாப்பது ரூபா வாஷர்ல முடியிற வேலைய நாப்பதாயிரமா பாக்குறப்ப பெட்ரோல்ல மிச்சம் பண்ணுனது எங்க போச்சுன்னு தோணும். மைலேஜ் கணக்கு போடுறவங்க வாரண்டி முடிஞ்ச அப்புறம் வர்ற இந்தச் செலவையும் சேத்துப் போடுங்க.

கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. இருவது வருஷத்துக்கும் அம்பது வருஷத்துக்கும் நடுவுல, ஒரிஜினலா வச்சிருக்குற சொந்த வண்டிக்குன்னு ஒரு பிரிவு வேணும். வருஷத்துக்கு ஆயிரமோ ரெண்டாயிரமோ கிலோமீட்டர்னு ஒரு உச்சவரம்பு வைக்கட்டும், ஓடுன கிலோமீட்டர காட்டுற ஓடோமீட்டர ஆர்டிஓ ஆபீஸ்ல சீல் வைக்கட்டும், புகை டெஸ்ட், பிரேக் டெஸ்ட் கறாரா பண்ணட்டும், தேறலைன்னா ஆர்சிய ரத்து பண்ணட்டும். வரம்ப தாண்டுனா பத்தாயிரம் என்ன, இருவதாயிரம் கூட வாங்கட்டும். அதே மாதிரி எண்ணெய் கம்பெனிக மாவட்டத்துக்கு ஒரு பங்க்லயாச்சும் எத்தனால் கலக்காத சாதா பெட்ரோல வைக்கணும், விலை கூடச் சொன்னாலும் வாங்கிக்கிறோம், வருஷத்துக்கு அம்பத்தாறு லிட்டருக்கு எம்புட்டு கூடிரப் போகுது. மாட்டுத்தாவணி பக்கமோ திருமங்கலம் ரோட்டுலயோ ஒண்ணு இருந்தாக்கூட போதும், கேன் எடுத்துட்டு வராம வண்டியிலயே வந்து ஊத்திக்கிறோம்.

உங்க நிருபர் யாராச்சும் போக்குவரத்துத் துறையில இது பத்திக் கேட்டு ஒரு செய்தி போட்டா நல்லாருக்கும். அந்த ரெண்டு வாசகர்களும் ஞாயித்துக்கிழம காலையில திருநகர் பக்கம் வந்தா வண்டியக் காட்டுறேன், இரும்புக் கட்சிக்காரர் பிரேக்க ஒருக்கா அமுக்கிப் பாக்கட்டும், காயலாங்கடைக் கட்சிக்காரர் பின் சீட்டுல ஒருக்கா உக்காந்து பாக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு டிராவல்ஸ்காரர்,
திருநகர், மதுரை.